பாமினிப் பட்டியலும் பேட்ச் கோப்பும்: 612 அங்கத்தவர் விபரத்தைத் துப்புரவாக்கிய வேலைக்குறிப்பு

வேலை இதுதான். திருகோணமலைக் கரையோர ஊர்களை உள்ளடக்கிய கடற்றொழிலாளர் சங்கம் ஒன்றின் அங்கத்தவர் பட்டியல் பென் ட்ரைவில் எக்ஸல் கோப்பாக வந்தது. 612 வரி, ஆறு நெடுவரிசை: தொடரிலக்கம், பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி, ஊர், படகு எண்ணிக்கை. அடையாள அட்டை இலக்கங்கள் எல்லாம் 12 இலக்கமாக வேண்டும். தொலைபேசி இலக்கங்கள் குறுஞ்செய்தி அனுப்பத்தக்கதாக 94 என்று தொடங்க வேண்டும். பிறந்த திகதிக்கு ஒரு புது நெடுவரிசை வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப் பட்டியல் வரும் என்பதால் கையால் திருத்துவதில் பயனில்லை. கோப்பை இழுத்து ஒரு ஐகன் மேல் போட்டால் வேலை முடிய வேண்டும். அதற்குத்தான் பேட்ச் கோப்பு: விண்டோஸ் கட்டளைகளை வரிசையாக எழுதி, ஒரேயடியாக ஓட்டும் உரைக்கோப்பு.

கருவிகள்: விண்டோஸ் 10 உள்ள 4 ஜிபி கணினி, நோட்பேட்++ (உரை எழுதும் மென்பொருள்), சிஎம்டி (விண்டோஸின் கறுப்புக் கட்டளைத் திரை). மென்பொருள் செலவு இல்லை. சரிபார்க்க அச்சடித்தது 22 தாள், பக்கம் 20 ரூபாய்ப்படி 440 ரூபாய். நேரம் இரண்டு பின்னேரம். அதில் ஒன்றரை, பிழை பிடிக்கப் போனது.

கீழே கட்டளைகளையும் மாறிகளையும் தமிழெழுத்தில் தந்திருக்கிறது. கணினியில் அடிக்கும்போது செட் (மாறியில் பெறுமதி வைப்பது), ஃபார் (வரிவரியாக எடுத்து வேலை செய்வது), எக்கோ (எழுதிக் காட்டுவது) எல்லாம் வழக்கமான ஆங்கில எழுத்தில்தான். குறியீடுகளை உள்ளபடியே அடிக்க வேண்டும்.

முதல் முயற்சி: நேரே சிஎஸ்வி

எக்ஸலில் சிஎஸ்வியாக, அதாவது காற்புள்ளியால் பிரித்த உரைக்கோப்பாகச் சேமித்து, ஃபார் /எஃப் கொண்டு காற்புள்ளியில் பிரித்து, ஒவ்வொரு வரியையும் ஒரு துணைப்பகுதிக்கு அனுப்புவதுதான் முதல் திட்டம். வெளியே வந்த கோப்பில் பாதிப் பெயர்கள் முறிந்து கிடந்தன. இராசையா, இரத்தினம், இலட்சுமி என்று தொடங்கும் வரிகளில் நெடுவரிசைகள் ஒன்று தள்ளி நின்றன. செல்வம் ‘செல’ ஆகியிருந்தது.

காரணம், பெயர்கள் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சானவை. பாமினியில் காற்புள்ளி (,) விசைதான் ‘இ’. அரைப்புள்ளி (;) விசைதான் மெய்யெழுத்தின் புள்ளி. < என்பது ‘ஈ’, % என்பது ‘மூ’. கண்ணுக்குத் தமிழ். கணினிக்கு அது ஆங்கில எழுத்தும் குறியும் கலந்த சரம், அதுவும் பேட்ச் மொழி தனக்கென்று வைத்திருக்கும் அதே குறிகள்.

ஒவ்வொன்றும் வேறு இடத்தில் கடித்தது. ‘இ’ உள்ள பெயரை எக்ஸல் இரட்டை மேற்கோளுக்குள் வைத்துத்தான் சேமிக்கிறது, ஆனால் ஃபார் /எஃப் மேற்கோளை மதிப்பதில்லை. உள்ளே இருந்தாலும் காற்புள்ளி கண்ட இடத்தில் வெட்டும். துணைப்பகுதியை அழைக்கும் கால் கட்டளைக்கு மேற்கோள் இல்லாமல் பெயரைக் கொடுத்தால் அரைப்புள்ளி, காற்புள்ளி, சமன்குறி மூன்றும் இடைவெளி போலவே உள்ளீட்டைப் பிரிக்கும். செல்வத்தின் முதற் புள்ளியோடு பெயர் நின்றது அதனால்தான். மேற்கோள் போட்டுக் கொடுத்தாலும் கால் ஒருமுறை கூடுதலாக % குறியை வாசிக்கிறது, துணையில்லாத % ஒன்றைக் கண்டால் விழுங்கிவிடுகிறது. மூதூர் ‘தூர்’ ஆனது இப்படி. ‘ஈ’ உள்ள பெயரை மேற்கோளின்றி எக்கோ செய்தபோது, அந்த < குறியை ‘இந்தக் கோப்பிலிருந்து வாசி’ என்று எடுத்துக்கொண்டு, கோப்பைக் காணவில்லை என்று சொன்னது.

இரண்டாம் முயற்சி: பேட்ச் கோப்புக்குள்ளேயே ஒருங்குறிக்கு (யுனிகோட்) மாற்றுதல்

இது தவறான வழி, ஒரு மணித்தியாலம் போனது. சரத்துக்குள் ஒன்றை எடுத்து இன்னொன்றை வைக்க

%பெயர்:பழையது=புதியது%

என்ற வடிவம் இருக்கிறதே, பாமினியின் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு வரி எழுதினால் முடிந்தது என்று தோன்றும். முடியாது. இந்த மாற்றீடு ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பார்ப்பதில்லை. பாமினியில் ‘எஃப்’ விசையின் சிறிய எழுத்து ‘க’, பெரிய எழுத்து ‘கு’. ‘கே’ விசையில் ‘ம’வும் ‘மு’வும். க-வை மாற்றச் சொன்ன வரி கு-வையும் சேர்த்து மாற்ற, குமார் எல்லோரும் ‘கமார்’ ஆனார்கள். இதற்கு நிலைமாற்றி எதுவும் இல்லை. மேலும், மாற்ற வேண்டிய பகுதி சமன்குறியாக இருந்தால் இந்த வடிவம் வேலையே செய்யாது. நட்சத்திரக்குறியில் தொடங்கினால் ‘அதுவரை உள்ள எல்லாமும்’ என்று பொருள் கொள்ளும்.

ஆகவே பெயர், ஊர் நெடுவரிசைகளை மட்டும் தனியாக நகலெடுத்து, பாமினி–ஒருங்குறி மாற்றியில் போட்டு, திரும்ப எக்ஸலில் ஒட்டியாயிற்று. பத்து நிமிட வேலை. சங்கம் அடுத்த பட்டியலை ஒருங்குறியிலேயே தருவதாக ஒத்துக்கொண்டிருக்கிறது.

ஒருங்குறி வந்த பிறகு

எக்ஸலில் ‘யுனிகோட் டெக்ஸ்ட்’ என்று சேமித்தால் தாவல்குறியால் (டேப்) பிரித்த கோப்பு கிடைக்கும். அதை ஃபார் /எஃப் நேரே திறந்து வாசிக்காது, ஆனால் டைப் கட்டளை வாசிக்கும். பேட்ச் கோப்பின் தொடக்கத்தில் சிஎச்சிபி 65001 (யுடிஎஃப்-8 எழுத்துமுறைக்கு மாற்றும் கட்டளை) போட்டுவிட்டு, ஃபார் அடைப்புக்குள் கோப்புப் பெயருக்குப் பதில் ‘டைப் கோப்பு’ என்று ஒற்றை மேற்கோளில் கொடுத்தால் ஒழுங்காக வருகிறது. பேட்ச் கோப்பை நோட்பேட்++இல் ‘யுடிஎஃப்-8’ என்று சேமிக்க வேண்டும். ‘பிஓஎம்’ (கோப்பின் தலையில் வைக்கும் அடையாளக் குறி) உடன் உள்ள தெரிவை எடுத்தால் முதல் வரியின் முன்னே மூன்று விநோத எழுத்துகள் ஒட்டிக்கொண்டு, அப்படி ஒரு கட்டளை இல்லை என்று வரும். கறுப்புத் திரையில் தமிழ் பெட்டி பெட்டியாகத்தான் தெரியும். அதைப் பார்த்துப் பிழை என்று எதையும் மாற்றப் போகக் கூடாது. வெளியான கோப்பை நோட்பேடில் திறந்து பார்ப்பதே கணக்கு.

டேப் விடயத்தில் ஒரு சின்னக் கண்ணி. பிரிகுறி எது என்று ஃபாருக்குச் சொல்லும் ‘டெலிம்ஸ்=’ என்பதற்குப் பின் உண்மையான டேப் எழுத்து இருக்க வேண்டும். நோட்பேட்++இல் ‘டேப்புக்குப் பதில் இடைவெளி’ என்ற தெரிவு இயங்கிக்கொண்டிருந்தால் அங்கே நான்கு இடைவெளிதான் போய் உட்காரும், பெயரும் முதலெழுத்தும் பிரிந்துவிடும்.

வெற்றுக் கட்டங்கள் அடுத்த தலையிடி. ஃபார் /எஃப், அடுத்தடுத்து வரும் பிரிகுறிகளை ஒன்றாகவே எண்ணும். தொலைபேசி இல்லாத ஒருவரின் ஊர், தொலைபேசி நெடுவரிசைக்கு நகர்ந்துவிடும். இரட்டைப் பிரிகுறியைக் கண்டால் நடுவே ஏதாவது வை என்று ஒருமுறை மாற்றினால் போதாது. மூன்று சேர்ந்து வந்தால் முதல் இரண்டைத்தான் பிடிக்கும், மூன்றாவது தப்பும். நல்ல வழி, எல்லாக் கட்டத்துக்கும் முன்னே ஓர் எழுத்தைச் சேர்ப்பது:

செட் "வரி=#!வரி:⇥=⇥#!"

(⇥ உள்ள இடத்தில் டேப்.) இதன்பின் எந்தக் கட்டமும் வெறுமை இல்லை. பிரித்த பிறகு ஒவ்வொன்றிலும் முதலெழுத்தைக் கழிக்க !பெயர்:~1! போதும். எக்ஸல் போட்ட இரட்டை மேற்கோள்களை இதற்கு முன்னரே !வரி:"=! என்று கழற்றிவிட வேண்டும்.

ஆச்சரியக்குறிக்கு வந்த காரணத்தையும் சொல்ல வேண்டும். ஃபார் அடைப்புக்குள் %வரி% என்று எழுதினால் அடைப்பு தொடங்கும்போது இருந்த பெறுமதியே 612 தடவையும் வரும். அதனால்தான் செட்லோக்கல் எனேபிள்டிலெய்டுஎக்ஸ்பான்ஷன் (மாறியை அந்தந்த நேரத்தில் வாசிக்கும் வசதி) போட்டு !வரி! என்று எழுதுவது. ஆனால் அது இயங்கும்போது ஃபாரின் மாறியான %%அ-வில் வரும் தரவில் ஆச்சரியக்குறி இருந்தால் அது தின்னப்படும். சரியான ஒழுங்கு: அணைத்த நிலையில் செட் "வரி=%%அ", அதன்பின் செட்லோக்கல், வேலை, எழுதுதல், எண்ட்லோக்கல். எண்ட்லோக்கலை மறந்த ஓட்டம் முப்பத்திச்சொச்சம் வரியில் நின்றது. செட்லோக்கலை 32 அடுக்குக்கு மேல் அடுக்க முடியாது.

தொலைபேசி

இலகுவான பகுதி. இடைவெளி, இடைக்கோடு இரண்டையும் நீக்கி, சரிவுக்கோடு இருந்தால் அதற்கு முந்திய பகுதியை மட்டும் எடுத்து, கடைசி ஒன்பது இலக்கத்தை வெட்டி முன்னால் 94 போட்டால் ஆயிற்று:

செட் "தொலை=94!தொலை:~-9!"

077 என்று இருந்தாலும், +9477 என்று இருந்தாலும், எக்ஸல் முன் பூச்சியத்தைத் தின்று 77 என்று விட்டிருந்தாலும் ஒரே விடைதான். திருமலை நிலையான இணைப்புகளின் 026உம் அப்படியே பொருந்தும். சரிவுக்கோட்டை முதலில் கவனிக்காவிட்டால் இரண்டு இலக்கம் எழுதியவர்களின் இரண்டாவது இலக்கம்தான் அகப்படும்.

இலக்கம் தவிர வேறு எழுத்து இருக்கிறதா என்று பார்க்க, ஃபார் /எஃப்பில் டெலிம்ஸ்=0123456789 என்று கொடுக்கலாம். பத்து இலக்கமும் பிரிகுறியாகிவிடுவதால் சுத்தமான இலக்கத்தில் மிச்சம் ஒன்றும் இராது, ஃபார் உள்ளேயே போகாது. உள்ளே போனால் அழுக்கு இருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. தொலைபேசியே இல்லாதவருக்கு மாறி வரையறுக்கப்படாமலே இருக்கும். முதல் பிரதியில் % வடிவத்தில் எழுதியிருந்தபோது அவர்களுக்கெல்லாம் ‘94~-9’ என்று விழுந்திருந்தது. வெட்டும் ஒவ்வொரு இடத்துக்கும் முன்னே ‘இஃப் டிஃபைன்ட்’ (மாறி இருந்தால் மட்டும் செய்) வேண்டும். நீளம் பார்க்கத் தனிக் கட்டளை கிடையாது. 11ஆம் இடத்தில் எழுத்து இருக்கிறது, 12இல் இல்லை என்றால் 12 இலக்கம் (எண்ணிக்கை பூச்சியத்திலிருந்து தொடங்கும்).

அடையாள அட்டை: சத்தமில்லாமல் வந்த பிழை

பழைய அட்டை ஒன்பது இலக்கமும் ‘வி’ அல்லது ‘எக்ஸ்’ எழுத்தும். 2016 முதல் வழங்குவது 12 இலக்கம். மாற்றும் முறை எளிது: முன்னே 19, பழையதின் முதல் ஐந்து இலக்கம், ஒரு 0, மீதி நான்கு இலக்கம்.

செட் "புதிது=19!அட்டை:~0,5!0!அட்டை:~5,4!"

கடைசி எழுத்தை நீக்கும்போது, மேலே குமாரைக் கெடுத்த அதே குணம் இங்கே உதவுகிறது. சிறிய வி, பெரிய வி இரண்டும் ஒரே மாற்றீட்டில் போகும்.

பிறந்த திகதிதான் வில்லங்கம். முதல் இரண்டு இலக்கம் ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாம் நாள் என்பது, பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். அந்த மூன்றையும் வெட்டி, கணக்குப் பார்க்கும் செட் /ஏ-யில் போட்டு, 500க்கு மேலிருந்தால் கழித்து, மாதங்களை ஒவ்வொன்றாகக் கழித்துப் போனால் திகதி வரும். ஓடியது. திரையில் சில ‘செல்லாத எண்’ செய்திகள் வந்தன, மற்றபடி நெடுவரிசை நிறைந்திருந்தது. திகதி ஏற்கெனவே தெரிந்த அங்கத்தவர்களோடு அச்சுத்தாளில் ஒப்பிட்டபோது சிலருக்கு இடித்தது. பெண்கள் ஒருவருக்கும் இந்தப் பிழை இல்லை. சித்திரைப் புத்தாண்டுக்குச் சற்று முன்வரை, அதாவது ஆண்டின் முதல் மூன்று மாதச் சொச்சத்தில் பிறந்த ஆண்களுக்கு மட்டும் திகதி பின்னால் போயிருந்தது.

அந்த ஒழுங்கே காரணத்தைச் சொல்லிவிட்டது. செட் /ஏ பூச்சியத்தில் தொடங்கும் எண்ணை எண்மமாக, எட்டின் அடியில் எண்ணுகிறது. 061 என்பது அதற்கு 49. மார்ச் 1இல் பிறந்தவர் பெப்ரவரி 18க்குப் போய்விடுவார். 001 முதல் 099 வரை (099 என்றால் ஏப்ரல் 8) உள்ள 99 நாளில், 8 அல்லது 9 உள்ள 36 நாளுக்குப் பிழைச்செய்தி வரும், முதல் 7 நாள் தற்செயலாகச் சரியாக இருக்கும், மிச்சம் 56 நாளும் சத்தமில்லாமல் பிழைக்கும். பெண்களுக்கு 500 கூடியிருப்பதால் பூச்சியத்தில் தொடங்குவதே இல்லை. திரையில் வந்த செய்திகளை மட்டும் திருத்தி விட்டிருந்தால் அந்த 56 நாள் ஆட்கள் பிழைத் திகதியோடு பட்டியலில் போயிருப்பார்கள்.

திருத்தம் ஒரு வரி. முன்னே 1ஐ ஒட்டி 1000ஐக் கழிப்பது:

செட் /ஏ நாள்=1!அட்டை:~2,3!-1000

அதோடு இன்னும் இரண்டு. அட்டை இலக்கத்தில் பெப்ரவரி எல்லா ஆண்டுக்கும் 29 நாளாகவே கணக்கிடப்பட்டிருக்கிறது. 28 என்று போட்டால் மார்ச் முதல் எல்லோருக்கும் ஒரு நாள் தள்ளும். மாதங்களைக் கழிக்கும் சுற்றில் ‘நாள் இந்த மாதத்தைவிடப் பெரிதென்றால் கழி’ என்று மட்டும் எழுதியதும் தவறு. ஜனவரி 31இல் பிறந்தவருக்கு 31 ஜனவரியைவிடப் பெரிதில்லை என்று விட்டுவிட்டு, அடுத்துப் பெப்ரவரியின் 29உடன் ஒப்பிட்டுக் கழித்து, பெப்ரவரி 2 என்று தந்தது. டிசம்பர் தவிர்ந்த எல்லா மாதத்து 31ஆம் திகதிக்காரர்களுக்கும், ஜனவரி 30க்கும் இதே கதி. கழிக்காமல் விட்ட முதல் மாதத்திலேயே ‘முடிந்தது’ என்று ஒரு கொடி ஏற்றி, அதற்குப் பின் ஒப்பிடாமல் விட வேண்டும்.

12 இலக்க அட்டையில் ஆண்டு நான்கு இலக்கம், நாள் அடுத்த மூன்று, ஆக ~4,3. முழு இலக்கத்தையும் செட் /ஏ-யிடம் கொடுக்கக் கூடாது. அது 2147483647 வரைதான் எண்ணும். 94 போட்ட தொலைபேசியும் அதற்குள் அடங்காது. இவை எண் போலத் தெரியும் சரங்கள்.

எழுதுதல்

முதல் பிரதியில் துணைப்பகுதியின் கடைசி வரி, எல்லாவற்றையும் காற்புள்ளியிட்டுச் சேர்த்து, இறுதியில் படகு எண்ணிக்கையும் அதை ஒட்டி >> கோப்பு என்றும் இருந்தது. ஒரு படகு உள்ளவர்களின் வரியில் அந்த 1 காணாமற்போனது. இரண்டு படகுக்காரர்கள் கோப்பிலேயே இல்லை, திரையில் ஓடினார்கள். பிரிகுறிக்குப் பின் தனித்து நிற்கும் ஒற்றை இலக்கம் > குறியை ஒட்டியிருந்தால், அது எந்த வெளியீட்டைத் திருப்புவது என்று சொல்லும் எண்ணாகிவிடும். 1 என்பது வழக்கமான வெளியீடு, 2 என்பது பிழை வெளியீடு. திருப்பலை வரியின் தொடக்கத்தில் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை:

>>"வெளி.டிஎக்ஸ்டி" எக்கோ(!பெயர்!,!புதிது!,!தொலை!,!ஊர்!,!படகு!

எக்கோவை ஒட்டிய அந்த அடைப்புக்குறி தட்டச்சுப் பிழை அல்ல. எல்லாம் வெறுமையாக இருந்தால் ‘எக்கோ அணைக்கப்பட்டுள்ளது’ என்று கோப்பில் எழுதாமல் காக்கிறது.

கால் கொண்டு துணைப்பகுதிக்குப் போய்வந்த பழைய பிரதி 612 வரிக்கு ஒரு நிமிடம் அளவில் எடுத்தது. எல்லாவற்றையும் ஒரே ஃபார் அடைப்புக்குள் கொண்டுவந்ததும் ஏழெட்டு விநாடி.

ஊர்ப்பெயர்

திருகோணமலை, திருக்கோணமலை, திருமலை மூன்றும் பட்டியலில் இருந்தன. மாற்றீட்டு வடிவத்தைப் பாவிக்காமல், இஃப் கொண்டு முழுச் சரமும் சமமா என்று பார்த்து மாற்றுவதே பாதுகாப்பு. அப்படியும் சில வரி மசியவில்லை. ஒன்று, பின்னால் இடைவெளி: கடைசி எழுத்து இடைவெளியாக இருக்கும்வரை !ஊர்:~0,-1! என்று இருபது சுற்று கழித்தால் போகும். மற்றது, வேறிடத்திலிருந்து ஒட்டியதில் வந்த முறியா இடைவெளி: பார்வைக்கு இடைவெளி, ஆனால் வேறு எழுத்து. அதற்குத் தனி மாற்றீடு. மூன்றாவது, ‘கோ’. சில வரிகளில் ோ ஒரே குறியாகவும், சிலவற்றில் ே, ா என்று இரண்டு குறிகளாகவும் சேமிக்கப்பட்டிருந்தது. திரையில் ஒரு வித்தியாசமும் இல்லை, இஃப் மட்டும் சமம் இல்லை என்கிறது. சமன் பார்க்குமுன் இரட்டையை ஒற்றையாக மாற்றும் மூன்று வரி (ொ, ோ, ௌ) சேர்க்க வேண்டியிருந்தது.

ஊருக்கு மூன்றெழுத்துக் குறியீடு வெட்டி எடுக்கும் எண்ணத்தையும் கைவிட்டாயிற்று. ~0,3 தமிழில் மூன்று எழுத்தைத் தராது. உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனி எண்ணப்படும். திருகோணமலை ‘திர’ ஆகும், மூதூரின் ~-1 வெறும் புள்ளி. ஊருக்கு ஒரு வரியாக நிலாவெளி, கிண்ணியா, சாம்பல்தீவு, குச்சவெளி என்று சிறு அட்டவணைக் கோப்பு வைத்தது போதுமானது.

அடுத்த முறைக்கு

சங்கத்துக்குக் கொடுக்கும் வெற்று எக்ஸல் கோப்பில் அட்டை, தொலைபேசி நெடுவரிசைகளை முதலே ‘டெக்ஸ்ட்’ ஆக்கிக் கொடுக்க வேண்டும். 12 இலக்கத்தை எக்ஸல் 1.98இ+11 போலச் சுருக்கிக் காட்டி, சேமிக்கும்போதும் அப்படியே எழுதிவிட்டது. அப்படி ஒன்பது பேரின் இலக்கம் வெளியான கோப்பில் போனது, மூல எக்ஸல் கோப்பின் கட்டத்தையோ காகிதப் படிவத்தையோ பார்த்து மீட்க வேண்டும்.

இதே வேலையை விண்டோஸின் புதிய கட்டளை மொழியான பவர்ஷெல்லில் எழுதியிருந்தால் எண்மக் கோளாறும் குறித் தொல்லையும் இல்லாமல் பாதி நீளத்தில் முடிந்திருக்கும். மூன்றாவது மாதத்துப் பட்டியலுக்குள் மாற்றி எழுதும் எண்ணம். இப்போதைக்குப் பேட்ச் கோப்பு ஓடுகிறது.

ஓட்டமுன் இருபது வரிச் சோதனைக் கோப்பு ஒன்று: வெற்றுத் தொலைபேசி, இரட்டைத் தொலைபேசி, 061, 089, 561, ஜனவரி 31, இரண்டு படகு, பின்னிடைவெளி உள்ள மூதூர் எல்லாம் அதில் உண்டு. ஓட்டிய பின் உள்ளே போன வரிகளையும் வெளியே வந்த வரிகளையும் ஃபைண்ட் /சி /வி "" கொண்டு எண்ணிப் பார்ப்பது. கடைசி ஓட்டத்தில் 595 வரி சுத்தக் கோப்புக்கும், 17 வரி ‘பார்க்க’ என்ற கோப்புக்கும் போயின: எக்ஸல் சுருக்கியவை 9, இலக்கம் குறைந்த தொலைபேசி 5, இலக்கம் விடுபட்ட அட்டை 3. அந்தப் பதினேழையும் அச்சடித்துச் சங்கச் செயலாளரிடம் கொடுத்தாயிற்று. பழைய அட்டை இலக்கத்தை அழிக்காமல் கடைசி நெடுவரிசையாக விட்டிருக்கிறது.